சீமெண்ணெய் சரண்டர்

கேஸ் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு நாங்கள் காத்திருந்த காலத்தில் என் மகள் கல்லூரியை முடித்தாள், அவளுக்குக் கல்யாணம் ஆனது, பேரனும் பிறந்துவிட்டான். எண்பதுகளில் அதைத் தாமதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் அவசரமாகச் சமைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டிய ஆள் வீட்டில் யாரும் இல்லை என்று ஆன பிறகு, அதாவது நான் ஓய்வு பெற்ற வருஷம், சிலிண்டர் வந்து சேர்ந்தது. அரசு வேலையில் காலம் முழுக்க ஊறியவன் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. உதவி வரும், தேவை தீர்ந்தபின் வரும்.

கேஸ் வந்தால் ரேஷன் கார்டில் அதைப் பதிய வேண்டும், பதிந்தால் மண்ணெண்ணெய் நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கார்டில் எப்படியோ அந்த முத்திரை விழாமல் போயிற்று. ஆகவே மாதம் தவறாமல், சலுகை விலையில், எங்களுக்குத் தேவையே இல்லாத மண்ணெண்ணெய் வந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில்தான் அது மண்ணெண்ணெய். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் சீமெண்ணெய்.

தேவையில்லாத எண்ணெயை என்ன செய்வது என்று என் மனைவி என்னிடம் கேட்கவில்லை. அடுத்த வீட்டில் இடியாப்பம் அவிக்கும் பெண்ணிடம் எங்கள் கார்டைக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் கணவரைத் தெருவில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் வேலை. சம்பளம் லாரிகளைப் போலவே தாமதமாக வரும். அதனால் வீடு ஓடியது இடியாப்பத்தில். விடிவதற்குள் இரண்டு ஸ்டவ்களைப் பற்றவைத்து, தட்டுத் தட்டாக அவித்து, துணி மூடிய கூடையில் மில் வாசல் டீக்கடைக்குக் கொடுத்துவிடுவாள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் கடை. சங்கு ஊதும்போது கூடை அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அவள் கார்டுக்குக் கிடைக்கிற எண்ணெய் பாதி மாதத்துக்குத்தான் காணும். மீதிப் பாதி எங்கள் கார்டில் வந்தது. ரேஷன் கடை வரிசையில் இரண்டு டின்னோடு நின்று, எங்கள் டின்னுக்கான காசையும் அவளே கொடுத்து வாங்கிக்கொள்வாள். விறகு எரிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். மகாராஜபுரத்தில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருந்த அவர், சுவர் கறுத்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

இந்த ஏற்பாடு ஒன்றிரண்டு வருஷம் யாருக்கும் வலிக்காமல் நடந்தது. என்னைத் தவிர. மாதாமாதம் என் கார்டில் "வழங்கப்பட்டது" என்று விழுவதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தும். என் பெயருக்கு வழங்கப்பட்ட எண்ணெயில் என் வீட்டில் ஒரு திரிகூட எரியவில்லை. கார்டை மாற்றிக் கொடுக்கக் கூடாது, வாங்கிய பொருளை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்று கார்டிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வரிகளைப் படிக்கிற ஒரே கார்டுதாரர் நான்தான் என்று நினைக்கிறேன்.

மனைவியிடம் சொன்னேன். தேவையில்லாததை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் அரசிடமே ஒப்படைத்துவிட வேண்டும், அது இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரும், அதுதான் முறை என்றேன்.

அவள் கேட்டாள்: "அடுத்த வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா போவணும்? நம்ம அடுப்பு கேஸ்ல எரியுது, அவ அடுப்பு சீமெண்ணெயில எரியுது. இதுல கவர்மெண்டுக்கு எங்க வலிக்கு?"

எங்கே வலிக்கும் என்று நான் விளக்கினேன். ஒதுக்கீடு, பகிர்வு, தகுதியுள்ள பயனாளி எல்லாம் சொன்னேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டாள் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வழங்கல் பிரிவில் இருந்த எழுத்தர் இளைஞர், மரியாதையானவர். என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். எண்ணெயைக் கூட்டிக் கேட்டு நிற்பவர்களைத்தான் அந்த மேஜை பார்த்திருக்கிறது. குறைக்கச் சொல்லி வந்தவனை எந்தக் கோப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் எதுவும் சண்டையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை, கேஸ் வந்துவிட்டது என்றேன். அது வந்தவர்கள் பலபேர் உண்டே சார் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் நானே வழி சொன்னேன்: விண்ணப்பத்தின் மேல் குறிப்பு எழுதி, அலுவலர் ஒப்பம் பெற்று, கார்டில் முத்திரை, கடைக்குத் தகவல். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த அலுவலகத்தில் ஒரு புதிய நடைமுறையை உருவாக்கிவிட்ட திருப்தியோடு பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

சாயங்காலம் பாயும் அவர் மனைவியும் வாசலில் நின்றார்கள். பால்கோவாவை நீட்டி, "நம்ம கார்டு சீமெண்ணெயை சரண்டர் பண்ணிட்டேன்" என்று சொன்னேன். அந்தப் பெண் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். "சரி அண்ணாச்சி" என்றாள். பாய் மட்டும் "சரண்டரா?" என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடுக்காமல் சேர்ந்து கிடக்கும் விடுப்பை அரசு ஊழியர் அரசிடமே ஒப்படைத்தால் அதற்குச் சம்பளம் போட்டுக் கொடுப்பார்கள். ஆணையில் அதற்கு நீளமான தமிழ்ப் பெயர் உண்டு. நாங்கள் எல்லோரும் சரண்டர் என்போம். எங்கள் வீட்டில் மின்விசிறி சரண்டர் பணம். மிக்ஸி சரண்டர் பணம். மகளின் காதில் கிடக்கும் தோடு இரண்டு வருஷத்துச் சரண்டர். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், ஏனென்றால் நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பத்திரிகை படிக்கிற ஊர்களில் சரண்டர் என்றால் கொலைக் குற்றவாளி கோர்ட்டில் போய் நிற்பது. எங்கள் தெருவில் சரண்டர் என்றால் பணம்.

அதற்கடுத்த சில வாரங்கள் இடியாப்பக் கூடை சின்னதாயிற்று. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வருவதில் குறை வைக்கவில்லை. எண்ணெயைப் பற்றி மட்டும் பேசவில்லை. மனைவி என்னிடம் அதிகம் பேசவில்லை. பாய் மாத்திரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வழக்கத்துக்கு மேல் உற்சாகமாக இருந்தார். ஒருநாள் தெருமுனையில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு வந்துருச்சா?"

"என்னது?"

"சரண்டர் காசு. மணியார்டர்ல வருமா, நாமளே போய் வாங்கணுமா?"

எனக்குப் புரிய செத்த நேரம் ஆயிற்று. என் காசைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தேன். பிறகுதான் தெரிந்தது, தன் காசைப் பற்றி விசாரிக்கிறார். நான் போய் வந்த மறுவாரமே அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கிறார். ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி வாங்கி உள்ளே கொடுத்திருக்கிறார். உள்ளே அந்த இளைஞருக்கு இந்த முறை எந்தச் சந்தேகமும் வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்த நடைமுறை இருந்தது, என் கோப்பு முன்னுதாரணமாக இருந்தது. குறிப்பு, ஒப்பம், முத்திரை. அன்றே முடிந்துவிட்டது.

"உங்க வீட்ல தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. காசு வந்ததும் சொல்லலாம்னு இருக்கேன். கேஸுக்குப் பேரு பதிஞ்சு வச்சிருக்கேன்ல, டெபாசிட் கட்ட வேணும். விடியுமுன்ன எந்திரிச்சு அந்தப் புகையில கண்ணு எரிஞ்சு கெடக்கா. உங்க வீட்டு மாதிரி ஒரு அடுப்பு வாங்கிக் குடுத்துட்டா..."

சீமெண்ணெய்க்கெல்லாம் அரசு காசு கொடுக்காது என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

"அது எப்படி அண்ணாச்சி? லீவ எடுக்காம விட்டா காசு தாராவ. சீமெண்ணெய வாங்காம விட்டா தரமாட்டாவளா? அதுலயும் இதுலயும் கவர்மெண்டுக்கு மிச்சம்தான?"

எத்தனையோ தணிக்கைக் கேள்விகளுக்குப் பதில் எழுதியவன் நான். இப்படி ஒரு கேள்வியை எந்தத் தணிக்கையாளரும் கேட்டதில்லை.

"மனுவிலயும் தெளிவா எழுதச் சொல்லிட்டேன்" என்றார். "சீமெண்ணெயை சரண்டர் செய்து அதற்குரிய தொகையை வழங்கும்படின்னு எழுதி வாசிச்சும் காமிச்சாரு."

அந்த மாதம் எண்ணெய் போட்ட அன்று அவர் மனைவி ரேஷன் கடை வரிசையில் நின்று, முறை வந்ததும் டின்னை நீட்டியிருக்கிறாள். கடைக்காரர் கார்டில் விழுந்திருந்த முத்திரையைக் காட்டியிருக்கிறார். அவள் படிக்கத் தெரிந்தவள். காலி டின்னைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தாள். பாய் எதற்குச் செய்தார் என்று என் மனைவிதான் அவளிடம் சொன்னாள்; என் மனைவியிடம் நான் சொல்லியிருந்தேன். அவள் டின்னைக் கீழே வைத்துவிட்டு அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"அவிய நல்லதுக்குத்தான் செஞ்சாவ அக்கா. எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தாவ. எரியுறது என் அடுப்புதான, ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சா என்ன?"

வெளியில் விற்கும் எண்ணெயை வாங்கி அவித்தால் இடியாப்பத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது. வாங்கி அவிக்காவிட்டால் டீக்கடை போய்விடும். ஸ்டவ்களில் மிஞ்சியிருந்தது மறுநாளுக்கே காணாது.

மறுநாள் விடியுமுன் எங்கள் சமையல்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். இரண்டு பர்னரிலும் இடியாப்பச் சட்டி ஏறியிருந்தது. அந்தப் பெண் மாவைப் பிழிந்துகொண்டிருக்க, என் மனைவி ஈரத்துணி விரித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, தட்ட இந்தப் பக்கம் வையி, ஆவி மூஞ்சில அடிக்குதுல்ல" என்று அதிகாரம் வேறு.

மனைவியைத் தனியே கூப்பிட்டு, வீட்டு உபயோக சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சமைக்கக் கூடாது என்று சொன்னேன். கேஸிலும் அரசின் சலுகை இருக்கிறது, சீமெண்ணெயைக் கைமாற்றியதைவிட இது பெரிய தப்பு என்றும் சொன்னேன்.

"அப்படியா" என்றாள். "நீங்க எங்கிட்ட கேட்டுட்டா ஸ்ரீவில்லிபுத்தூர் போனீங்க?"

அதற்குப் பிறகு நான் விதியைப் பற்றி வீட்டில் பேசவில்லை. ஆனால் ஒரு சிலிண்டர் எவ்வளவு நாள் தாங்கும்? அடுத்த சிலிண்டருக்குப் பதிந்தால் எப்போது வரும் என்று அந்தக் காலத்தில் யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு வீட்டு அடுப்பும் சேர்ந்து அணைகிற நாள் கண்ணுக்குத் தெரிந்தது. பாயின் கார்டைத் திரும்ப உயிர்ப்பித்தாக வேண்டும்.

பாயை அழைத்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினேன். அவர் கார்டைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பஸ் மடவார் வளாகம் தாண்டும்போது, தான் மனு கொடுத்த அன்று எழுத்தர் தன்னை உட்காரச் சொன்னதாகவும், ஒரு கவர்மெண்டு ஆபீஸில் தன்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை என்றும், அதனால் பணம் நிச்சயம் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எழுத்தர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நேராக அலுவலரிடமே அழைத்துப் போனார். அலுவலர் நடுவயதுக்காரர், கோபம் இல்லாதவர், ஆனால் விதிக்காரர். கார்டுதாரரே விரும்பி எழுதிக் கொடுத்திருக்கிறார், யாரும் பறிக்கவில்லை என்றார். மறுபடி வேண்டுமானால் புது விண்ணப்பம் கொடுக்கட்டும், வீட்டில் கேஸ் இல்லை என்று நேரில் தணிக்கை செய்ய ஆள் வருவார், அடுத்த ஒதுக்கீட்டில் இடமிருந்தால் சேர்க்கலாம் என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதையே, இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியிருப்பேன். தணிக்கைக்கு ஆள் வந்து, அறிக்கை போய், ஒதுக்கீடு வருவதற்குள் டீக்கடைக்காரர் மூன்று இடியாப்பக்காரர்களை மாற்றியிருப்பார்.

"இவர் மனுவை ஒருதரம் படிச்சுப் பாருங்க" என்றேன். "சரண்டர் செய்துன்னு மட்டும் கேட்கலை. சரண்டர் செய்து அதற்குரிய தொகையை வழங்கும்படி கேட்டிருக்கார். ஒரே வாக்கியம், ஒரே கோரிக்கை. பாதியை ஏத்துக்கிட்டுப் பாதியை விட்டுட்டா அது அவர் கேட்டது ஆகாதே. தொகை வழங்க உங்களுக்கு ஆணை இருக்கா?"

"அப்படி ஒரு ஆணை எந்த ஊர்ல சார் இருக்கு?"

"அப்ப இந்தக் கோரிக்கை ஏற்கத்தக்கதில்லை. நிராகரிக்கணும். நிராகரிச்சா மனு முழுசா விழும், கார்டு பழையபடி நிக்கும்."

அவர் மனுவை எடுத்துப் படித்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது. எத்தனையோ பேரின் கோரிக்கை முட்டுச்சந்தில் நிற்பதற்குக் காரணமான அந்த வார்த்தை, நிராகரிப்பு, அன்று எங்களுக்குப் பல்லக்கு மாதிரி வந்துகொண்டிருந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

பாய் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பேசியதில் அவருக்குப் பிடிபட்டது அந்த ஒரு வார்த்தைதான். பதறிப்போய்க் கைகூப்பிவிட்டார்.

"சார், ரிஜெக்ட் பண்ணிராதீங்க சார். காசு கேட்டது தப்புன்னா அத நான் வுட்டுக்குடுத்துர்றேன். காசே வேண்டாம்னு இப்பவே எழுதித் தாரேன்."

அலுவலரின் பேனா நின்றது. தொகை வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டால் மனுவில் மிஞ்சுவது சரண்டர் மட்டும்தான். அதை அலுவலகம் ஏற்கெனவே சட்டப்படி ஏற்றுக்கொண்டாயிற்று. அந்தப் பெண்ணின் அடுப்பு அவர் கூப்பிய கைக்குள் இருந்தது.

"வுட்டுக்குடுக்காதீங்க பாய்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "உங்களுக்குக் காசு வேணும். வேணும்னு சொல்லுங்க."

"இல்ல அண்ணாச்சி, பெரியவங்கட்ட போய்..."

"வேணும்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அலுவலரைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக, "வேணும் சார்" என்றார்.

"தர முடியாது" என்றார் அலுவலர், மிகுந்த கனிவோடு. அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

எழுத்தர் கார்டில் இருந்த முத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தார். வெளியே வந்த பிறகுதான் பாய்க்கு நான் விளக்கினேன். எங்கள் இருவருக்கும் டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார். என்னைக் காசு எடுக்க விடவில்லை. நான் கிளம்புமுன் எழுத்தரிடம் ஒன்று கேட்டிருந்தேன்: நான் ஒப்படைத்த என் பங்கு எண்ணெய் இப்போது யாருக்குப் போகிறது? அவர் யோசித்துவிட்டு, யாருக்கும் போகாது சார், உங்க கடை ஒதுக்கீட்டில் அவ்வளவு கழிந்துவிடும், அவ்வளவுதான் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கழிப்பதற்கு நடைமுறை இருக்கிறது. கழித்ததை ஒரு இடியாப்பக்காரியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பதற்கு என் மனைவியிடம் மட்டும்தான் நடைமுறை இருந்தது. அதை நான் ரத்து செய்திருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு அவள் பங்கு எண்ணெய் திரும்ப வந்தது. டீக்கடை கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அவள் எண்ணெய் பாதி மாதத்துக்குத்தானே காணும்? மாதப் பிற்பாதியில் எங்கள் வீட்டில் அவித்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. இந்த முறை முடிவெடுக்குமுன் அவளைக் கேட்டோம். சிலிண்டருக்கு ஒரு பங்கு காசு கொடுப்பேன், வாங்கிக்கொண்டால் வருகிறேன் என்றாள். என் மனைவி வாங்கிக்கொண்டாள். இலவசமாகக் கொடுத்திருந்தால் விதிமீறல் ஒன்றோடு நின்றிருக்கும், இப்போது இரண்டு.

தொண்ணூறுகளில் ஒருநாள் சிலிண்டர் போட வந்தவர் எங்கள் கேஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நான் வாசலில் நின்றேன். வெந்த அரிசி மாவின் வாசனை சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"வீட்ல நீங்க ரெண்டு பேர்தான சார்? சிலிண்டரு இம்புட்டுச் சீக்கிரம் தீருதே. லீக் எதும் இருக்கான்னு ஆள வரச்சொல்லிப் பாக்கட்டா?"

"லீக்கெல்லாம் இல்லப்பா" என்றேன். "எனக்குப் பசி ஜாஸ்தி."

அவர் என் எலும்பு துருத்திய தோளை ஒருமுறை பார்த்தார். காலி சிலிண்டரைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் கொஞ்சம் முன்னாடியே பதிந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.